நாகஜோதியின் திறன் இடைவெளி

மனித குலத்துக்கு இதுவரை செய்யப்பட்ட தொண்டுகளில் தலையாயது, ஒருவருக்கு என்ன தெரியாது என்பதை அவருக்கே கண்டுபிடித்துச் சொல்வதுதான். சோறு போட்டவனை அடுத்த வேளைப் பசியில் மறந்துவிடுவார்கள். ரோடு போட்டவனை முதல் மழையிலேயே திட்டுவார்கள். ஆனால் ‘உனக்கு இன்னது தெரியாது’ என்று சொன்னவனை யாரும் சாகும்வரை மறப்பதில்லை.

இந்தத் தொண்டுக்கு ‘பயிற்சித் தேவை மதிப்பீடு’ என்று பெயர். அதைச் செய்துவரும் ‘ஏற்றம் திறன் வளர்ப்பு ஆலோசனை மைய’த்தில் நான் முதுநிலை மதிப்பீட்டாளர். இளநிலை மதிப்பீட்டாளர் என்று யாரும் கிடையாது. மையம் மதுரை கோரிப்பாளையத்தில் ஒரு பரோட்டாக் கடைக்கு மேலே இருக்கிறது. கீழே கொத்துப் பரோட்டா கொத்தும் தாளத்துக்கு நாங்கள் மேலே அறிக்கை தட்டுவோம். இரண்டிலும் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று கிளறிப் பார்ப்பது நாகரிகமல்ல.

இதற்கு முன்பு நான் விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். ‘ராஜாராம் காட்டினால் துண்டு வாங்க வந்தவர் பட்டோடு போவார்’ என்று முதலாளி பெருமையாகச் சொல்வார். வந்தவர் வாயைத் திறக்குமுன் அவருக்கு என்ன தேவை என்று நாமே சொல்லிவிட வேண்டும் என்ற தத்துவத்தை அங்கேதான் படித்தேன். மதிப்பீட்டுத் துறைக்கு அதற்கு மேல் படிப்பு வேண்டியதில்லை.

எங்கள் இயக்குநர் முனைவர் பீமாராவ். எதில் முனைவர் என்று கேட்பது மரியாதை இல்லை என்பதால் நான் கேட்டதில்லை. தண்ணீர் கேட்டால்கூட அறிக்கை வாசிப்பதுபோலத்தான் கேட்பார்.

திருமங்கலத்துக்கு மேற்கே ஒரு வட்டாரம். அங்குள்ள கொசு ஒழிப்புப் பணியாளர்களை மதிப்பிடும் பேறு இந்த ஆடி மாதத்தில் எங்களுக்கு வாய்த்தது. அவர்கள் செய்வது என்னவென்றால், வீடு வீடாகப் போய், டிரம், தொட்டி, டயர், மொட்டைமாடியில் இருக்கும் தண்ணீர் டேங்க் என்று எட்டிப் பார்த்து, கொசுப்புழு இருந்தால் மருந்து ஊற்றிவிட்டு வருவது. எளிய வேலைதானே என்று நீங்கள் நினைக்கலாம். மதிப்பீடு செய்யாதவரை எல்லா வேலையும் எளிய வேலைதான்.

அழைப்பு வந்ததற்குக் காரணம் அழகுபாண்டி என்ற பணியாளர். அவர் ஒரு வீட்டு டேங்கைப் பார்ப்பதற்காக ஜன்னல் கம்பியில் கால் வைத்து, சன்ஷேடில் ஏறி, அங்கிருந்து கீழே விழுந்து, காலை ஒடித்துக்கொண்டார். மேலிடம் துடித்துப்போனது. ஒருவர் விழுந்தார் என்றால் விழாமல் இருப்பது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை என்றுதானே பொருள்? தெரியாததைத் தெரிய வைக்க ஆள் வேண்டும். உடனே எங்களைக் கூப்பிட்டார்கள்.

கூட்டம், வட்டாரப் பயிற்சிக் கூடத்தில் நடந்தது. தரைத்தளம் மட்டும் கட்டி, மாடிக்குப் படி வைக்க மறந்துபோன கட்டடம். பணியாளர்களைச் சுகாதார மேற்பார்வையாளர் நல்லகாமன் திரட்டி வைத்திருந்தார். ஓய்வு பெறும்வரை எந்த வம்பும் இல்லாமல் ஓட்டிவிட வேண்டும் என்பதை ஒரே கொள்கையாகக் கொண்ட நல்ல மனிதர். நான் ஒவ்வொருவரிடமும் ஒரு வண்ண அட்டையைக் கொடுத்து, “உங்களுக்கு என்ன தேவையோ, கூச்சப்படாமல் சொல்லுங்க” என்றேன்.

கூச்சப்படாமல் முதலில் எழுந்தவர் நாகஜோதி. நாற்பது வயதிருக்கும். தெருமுனையில் நின்று ‘டேங்கைத் திறந்து வைங்கக்கா’ என்றால் கடைசி வீட்டில் மூடி திறக்கும், அப்படி ஒரு குரல். அழகுபாண்டி விழுந்ததிலிருந்து அவருடைய தெருக்களையும் சேர்த்துப் பார்ப்பவர் அவர்தான்.

“ஏணி” என்றார்.

“அது பொருளும்மா. பயிற்சியில என்ன தேவை?”

“ஏணியக் குடுத்துட்டீங்கன்னா எதுக்கு சார் பயிற்சி?”

“சரி, ஏணி குடுத்தா முறையா ஏறத் தெரியுமா?”

“ஏணியே இல்லாம ஏறிக்கிட்டு இருக்கேன் சார்!”

நான் குறித்துக்கொண்டேன்: ‘ஏணியின்றி ஏறும் தீய பழக்கம் உள்ளது. முறையான பயிற்சி இல்லை.’

“சார், வெளையாட்டாப் பேசலை” என்றார் நாகஜோதி. “அழகுபாண்டிக்காச்சும் ஆக்கிப்போட பொண்டாட்டி இருக்கு. நான் விழுந்தா எங்க வீட்டுல சோறாக்க ஆளு கெடையாது. தெனக்கூலி வேற. நான் விழுந்த அன்னைக்கே வேலையும் விழுந்துரும். ஒரே ஒரு ஏணி சார். தோள்ல நானே தூக்கிட்டுப் போறேன். உங்களுக்கு என்னா கஷ்டம்?”

எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. கஷ்டம் எங்கள் துறையின் இலக்கணத்தில் இருந்தது. பொருள் கேட்டால் நாங்கள் கொடுக்க முடியாது. பயிற்சி கேட்டால் அள்ளிக் கொடுப்போம். ஆகவே யார் எதைக் கேட்டாலும் அதைப் பயிற்சியாக மாற்றிக்கொள்வதுதான் மதிப்பீட்டாளரின் கைவண்ணம். ஒரு பெண் பணியாளர், நாள் முழுக்கத் தெருவில் நிற்கிறோம், கழிப்பறை வேண்டும் என்றார். ‘நேர மேலாண்மைப் பயிற்சி’ என்று எழுதினேன். இன்னொருவர் கையுறை கேட்டார். ‘தொடு உணர்வு மேம்பாடு.’ நாய் கடிக்க வருகிறது என்று ஒருவர் முறையிட்டார். ‘பொதுமக்கள் தொடர்பு.’

இயக்குநர் அட்டைகளைப் பார்த்துவிட்டு நெகிழ்ந்துபோனார். “ராஜாராம், தேவை என்பது வேறு. பயிற்சித் தேவை என்பது வேறு. தேவை தீர்ந்துவிடும். பயிற்சித் தேவை தீராது. அங்கேதான் நாம் நிற்கிறோம்.”

“ஏணி கேக்குறாங்க சார்.”

கண்ணை மூடி யோசித்தார். “ஏணி வாங்க நமக்குச் செலவுத் தலைப்பு இல்லை. ஏறுவதற்குத் தலைப்பு இருக்கிறது. ‘உயரத்தில் பணியாற்றும் திறன்’ என்று மூன்று நாள் பயிற்சி. அதற்குப் ‘பயிற்சி உபகரணம்’ என்ற கணக்கில் ஒரு ஏணி வாங்கலாம்.”

இந்த மேதைமையை நான் போனில் சொன்னபோது நாகஜோதி உண்மையிலேயே சந்தோஷப்பட்டார். “பயிற்சி முடிஞ்சதும் ஏணிய நாங்க எடுத்துக்கிறலாமா சார்?”

“முடிஞ்சதும் எடுத்துக்கலாம்மா” என்றேன். ஜவுளிக்கடைப் பழக்கம். வாங்குகிறவர் முகம் மலர்ந்தால் நமக்கும் மனசு நிறைந்துவிடும்.

ஆவணி பிறந்தது. ஏணி வந்தது. அலுமினிய ஏணி, நல்ல உயரம், வெள்ளி போலப் பளபளத்தது. நாகஜோதி அதைத் தடவிப் பார்த்துவிட்டு, ஒரு கையால் தூக்கியும் பார்த்துவிட்டு, “கனமே இல்லயே” என்று சிரித்தார். அன்று முழுக்கத் தெருவெல்லாம் அதே பேச்சாம். ‘அடுத்த வாரத்துல இருந்து ஒங்க சன்ஷேடுக்கு நோவு இல்லக்கா, ஏணி வந்துருச்சு!’

ஆனால் எந்த மங்கல காரியத்துக்கும் முதலில் ஃபிளக்ஸ் வேண்டும். மதுரைச் சீமையில் ஃபிளக்ஸ் இல்லாமல் குழந்தை பிறப்பதே அபூர்வம், பயிற்சி எப்படிப் பிறக்கும்? எட்டடி அகலம், பத்தடி உயரத்தில் இயக்குநர் கைகூப்பிச் சிரித்தார். தலைக்கு மேலே ‘ஏற வைக்கும் ஏந்தலே, வருக!’ என்று தங்க எழுத்து. காலடியில் வட்ட வட்டமாக ஒரு வரிசைத் தலைகள்: நடுநாயகமாக நான், பக்கத்தில் நல்லகாமன், ஓரத்தில் ஃபிளக்ஸ் அடித்த சோணை. பயிற்சி பெறுகிறவர்களின் படம் இடமின்மையால் சேர்க்கப்படவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு என் முகம் ஃபிளக்ஸ் ஏறியது அதுவே முதல் முறை. என் மனைவி இந்துப்ரியா அதைப் பார்ப்பதற்கென்றே பஸ் ஏறி வந்து, பார்த்துவிட்டு, எங்கள் வீட்டு சௌராஷ்டிர மொழியில் ஒரு வார்த்தை சொன்னாள். அதைத் தமிழில் எழுதினால் என் பதவிக்கு அழகாக இராது.

பயிற்சித் தொடக்கவிழாவுக்கு முதல் நாள் சோணை தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். “ஃபிளக்ஸ் ரெடிண்ணே. நிப்பாட்டக் கட்டை இல்லண்ணே.”

“என்னப்பா சொல்ற?”

“முகூர்த்த மாசம்ண்ணே. இந்தப் பக்கத்துல இருந்த சவுக்குக் கட்டை அம்புட்டும் கல்யாண வீட்டுக்குப் போயிருச்சு. செக்கானூரணி வரைக்கும் அலைஞ்சுட்டேன். ஒண்ணு கெடையாது.” பேசிக்கொண்டே சுற்றுமுற்றும் பார்த்தவர் கண்ணில் அது பட்டது. “இந்தா ஒண்ணு நிக்கிதேண்ணே!”

கட்டுக்கம்பி போட்டு இறுக்கினார். கூடத்தின் முகப்பில், ஜன்னல் கம்பியோடு சேர்த்து ஏணியைக் கட்டி, ஏணியோடு சேர்த்து இயக்குநரைக் கட்டிவிட்டார். புயலே வந்தாலும் ஐயா அசையமாட்டார் என்றார் சோணை. அந்த வாக்கு பொய்க்கவில்லை.

மறுநாள் செய்முறை வகுப்பு.

“ஏணி எங்க சார்?” என்றார் நாகஜோதி.

நான் வாசலைக் காட்டினேன். அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். “அதுல உங்க சாரு சிரிச்சுக்கிட்டு நிக்கிறாரு.”

“ஏணி முக்கியமல்ல” என்றார் இயக்குநர். “ஏறும் மனநிலைதான் முக்கியம். எல்லாரும் கண்களை மூடுங்கள். எதிரே ஓர் ஏணி இருப்பதாகக் கற்பனை செய்யுங்கள். வலது காலை முதல் படியில் வையுங்கள்.”

பணியாளர்கள் வரிசையாக நின்று காலைத் தூக்கித் தூக்கி வைத்தார்கள். முழங்கால் வலிக்காரரான நல்லகாமன் சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு படி ஏறிப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

“நாகஜோதி, ஏறிவிட்டீர்களா?”

“ஏறிட்டேன் சார்.”

“மேலே என்ன தெரிகிறது?”

“இந்தக் கட்டடத்து டேங்கு தெரியுது சார். மூடி இல்ல.”

“அற்புதம்! இப்போது மெதுவாக இறங்குங்கள்.”

‘கற்பனைத் திறன்: மிக நன்று’ என்று நான் பதிவு செய்தேன்.

மூன்றாம் நாள் எல்லாருக்கும் லேமினேட் செய்த சான்றிதழ் வழங்கப்பட்டது. நாகஜோதி அதைத் தண்ணீர்க் குடத்துக்கு மூடியாகப் போட்டிருக்கிறார் என்று பிறகு கேள்விப்பட்டேன். நாங்கள் நடத்திய பயிற்சியில் கொசு ஒழிப்புக்கு நேரடியாகப் பயன்பட்டது அது ஒன்றுதான் என்று பொறாமைக்காரர்கள் சொல்வார்கள்.

சான்றிதழை வாங்கிய கையோடு அவர் நல்லகாமனிடம் போனார். “சார், பயிற்சி முடிஞ்சிருச்சு. ஏணிய அவுத்துக்கிறவா?”

நல்லகாமனுக்கு வியர்த்துவிட்டது. “ஏம்மா, ஃபிளக்ஸ எறக்குறது என்னா சாதாரணக் காரியமா? அதுல ஒரு பெரிய மனுசன் படம் இருக்கு!”

அவர் சொன்னது முற்றிலும் சரி. எங்கள் பக்கத்தில் ஃபிளக்ஸைக் கட்டுவதற்கு ஆள் உண்டு, இறக்குவதற்கு ஆள் கிடையாது. காற்று கிழிக்கலாம், வெயில் வெளுக்கலாம், ஆடு தின்னலாம். மனிதக் கை படக்கூடாது. பட்டால், படத்தில் இருப்பவர் செல்வாக்கு போய்விட்டது என்று அர்த்தம், இல்லாவிட்டால் இறக்கியவருக்கு வம்பு என்று அர்த்தம். கல்யாண ஃபிளக்ஸ் அந்தத் தம்பதியின் பிள்ளைக்குக் காதுகுத்து வரைக்கும் நிற்கும். ஆகவே ஏணி தன் உயரிய பணியில் தொடர்ந்தது. நாகஜோதி பழையபடி ஜன்னல் கம்பியில் கால் வைத்து சன்ஷேடில் ஏறினார். இப்போது முறையான பயிற்சியோடு ஏறினார் என்பதுதான் வித்தியாசம்.

பயிற்சியின் வெற்றியைக் கேள்விப்பட்டு அக்கம்பக்கத்து வட்டாரங்களும் கேட்க ஆரம்பித்தன. இயக்குநர் அந்தக் கூடத்திலேயே தங்கிவிட்டார் என்று சொல்லலாம். ‘கொசுவை வெல்லும் மனநிலை’ என்று வாரா வாரம் வகுப்பெடுத்தார். வகுப்பின்போது அடிக்கடி கை தட்டுவார். உற்சாகத்தில் தட்டுகிறார் என்று நாங்களும் சேர்ந்து தட்டினோம். பிறகுதான் தெரிந்தது, அவர் கொசு அடித்துக்கொண்டிருந்தார்.

ஐப்பசி மழை பிடித்ததும் காய்ச்சல் கிளம்பியது. முதலில் கூடத்துக்குப் பின்னால் குடியிருக்கும் அழகுபாண்டிக்கு வந்தது. மாவுக்கட்டு பிரித்து ஊன்றுகோலோடு நடக்க ஆரம்பித்திருந்தவர் மறுபடி படுத்துவிட்டார். அடுத்து அந்தத் தெருவில் வீட்டுக்கு ஒருவர். அப்புறம் எங்கள் இயக்குநர். ரத்தம் எடுத்துப் பார்த்து டெங்கு என்று சொல்லி, மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

புழு எங்கே உற்பத்தியாகிறது என்று கண்டுபிடிக்க அவசர உத்தரவு வந்தது. நாகஜோதி அந்தத் தெருவில் ஒரு டிரம், ஒரு தேங்காய் ஓடு விடாமல் பார்த்துவிட்டார். ஒன்றுமில்லை. பார்க்காதது கூடத்தின் டேங்க் மட்டும்தான். அந்தக் கட்டடத்துக்குச் சன்ஷேடும் கிடையாது என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். வைக்க மறந்துவிட்டார்கள்.

அன்று நானும் அங்கே இருந்தேன். நாகஜோதி வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார். இயக்குநர் சிரித்தார்.

“ஏணிய எடுங்க சார்” என்றார் நல்லகாமனிடம்.

“ஐயா ஆஸ்பத்திரியில கெடக்குறாரும்மா” என்றார் நல்லகாமன் குரலைத் தாழ்த்தி. “இப்பப் போயி அவரு படத்த எறக்குனா ஊருல என்னா நெனைப்பாய்ங்க? மாலைய வாங்கிட்டுக் கெளம்பி வந்துருவாய்ங்கம்மா!”

நானும் ஆமோதித்தேன். “அபசகுனமா இருக்கும்மா. சார் நல்லபடியா வரட்டும்.”

நாகஜோதி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “அங்கிட்டு அழகுபாண்டி அனத்திக்கிட்டுக் கெடக்கான். கால் ஒடிஞ்சவனுக்குக் காய்ச்சலும் வந்துருச்சு. அது அபசகுனமாத் தெரியல உங்களுக்கு?” என்றார். அந்தத் தலைப்பில் எங்களுக்கு யாரும் பயிற்சி கொடுத்ததில்லை.

“சரி சார், எறக்க வேணாம். உங்க சாரு நிக்கட்டும்” என்று சொல்லிவிட்டுத் தெருமுனைக்கு நடந்தார். இளநீர்க்காரரிடம் அரிவாளை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார்.

நடந்ததை ஒரு மதிப்பீட்டாளருக்குரிய நடுநிலையோடு பதிவு செய்கிறேன். அரிவாள் நுனியால் ஃபிளக்ஸின் நடுவே மேலிருந்து கீழாக, கை எட்டும் வரை ஒரு கோடு. உள்ளே ஏணி பளபளத்தது. முதல் படி என் நெற்றிக்குப் பின்னால் இருந்தது. அதில் காலை வைத்தார். அடுத்த கால் ஐயாவின் கூப்பிய கைகளைப் பிரித்துக்கொண்டு போனது. அப்புறம் டை. அப்புறம் வாய். ஒவ்வொரு படிக்கும் அரிவாள் முன்னால் போக, இயக்குநர் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டார். அவருடைய இரண்டு பாதிகளும் கடைசி வரை சிரித்துக்கொண்டே இருந்தன. நல்லகாமன் கண்களை மூடிக்கொண்டார். அவர் வாழ்க்கையில் இரண்டாம் முறையாக ஏணியைக் கற்பனை செய்திருப்பார்.

‘ஏற வைக்கும் ஏந்தலே’யைத் தாண்டி மொட்டைமாடியில் கால் வைத்ததும் நான் கீழிருந்து கேட்டேன். “என்னம்மா தெரியுது?”

“நான் அன்னைக்கே சொன்னேன்ல சார்! டேங்கு தெரியுது. மூடி இல்ல.”

“உள்ள?”

அவர் எட்டிப் பார்த்தார். “பயிற்சி நடக்குது சார்! எம்புட்டு புழு! அம்புட்டும் மேல ஏறி, கீழ எறங்கி, மேல ஏறி, கீழ எறங்கி… உங்க சாரு சொல்லிக் குடுத்தது அச்சு மாறாமச் செய்யுதுக!”

மருந்து ஊற்றினார். பழைய கோணியும் கயிறும் கேட்டு வாங்கி டேங்க் வாயைக் கட்டினார். அடுத்த வாரங்களில் காய்ச்சல் அடங்கியது. அழகுபாண்டி எழுந்து உட்கார்ந்தார். இயக்குநரும் நிலவேம்புக் கஷாயம் குடித்துத் தேறினார். தேறியதும் முதல் வேலையாக ஃபிளக்ஸைப் பற்றித்தான் விசாரித்தார்.

நாகஜோதிக்கு விளக்கம் கேட்டு ஓலை போனது. பயிற்சியாளரின் உருவப்படத்தை ஆயுதத்தால் பிளந்தது, வாயில் மிதித்தது, அனுமதியின்றி ஏறியது. இவரை வேலையை விட்டு நிறுத்துவதா, அல்லது திறன் இடைவெளி ஏதும் இருந்தால் பயிற்சி கொடுத்துத் திருத்துவதா என்று ‘ஏற்றம்’ மதிப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்று மேலிடம் கேட்டுக்கொண்டது. அவருடைய பிழைப்பு என் கைக்கு வந்துவிட்டது.

“எழுதுங்கள் ராஜாராம்” என்றார் இயக்குநர், கஷாயம் குடித்த முகத்தோடு. “இடைவெளி இருக்கிறது என்று எழுதுங்கள். ‘பதாகை நெறிமுறைகள்’ என்று ஐந்து நாள் பயிற்சி. அவருக்கு மட்டுமல்ல, எல்லாருக்கும்.”

நான் கூடத்துக்குப் போனேன். சோணை அங்கே புது ஃபிளக்ஸ் கட்டிக்கொண்டிருந்தார். ‘நலம் பெற்று வந்த நாயகனே, வருக!’ அதே எட்டடி, அதே பத்தடி, அதே ஏணி. கார்த்திகையும் முகூர்த்த மாதம்தான். கட்டை கிடைக்கவில்லையாம். எதிர்வீட்டு ஜன்னல் கம்பியில் ஒரு காலும் சன்ஷேடில் ஒரு கையுமாக நாகஜோதி தொங்கிக்கொண்டிருந்தார்.

“எழுதிட்டீங்களா சார்?” என்று அங்கிருந்தே கேட்டார். “வேலை இருக்கா, இல்லையா? இல்லேன்னா சொல்லிருங்க, இப்பவே எறங்கிர்றேன்.”

அன்றே எழுதி அனுப்பிவிட்டேன். என் தொழில் வாழ்க்கையில் நான் எழுதிய மிகத் துல்லியமான மதிப்பீடு அது என்ற பெருமை எனக்கு உண்டு: ‘பணியாளர் நாகஜோதிக்கும் அவர் பார்க்க வேண்டிய டேங்குக்கும் நடுவே ஓர் இடைவெளி இருப்பது உண்மைதான். நேரில் அளந்து பார்த்தோம். அகலம் எட்டடி, உயரம் பத்தடி. அதில் நாங்கள் கைகூப்பிச் சிரித்துக்கொண்டு நிற்கிறோம்.’